என்ற பேருல ஓடுது

அந்த ஃபைலைக் கொஞ்சம் மடியில படுக்க வெச்சுக்குங்ணா, காத்துல பேப்பர் பறந்துறப் போகுது. ஜன்னல் கண்ணாடி சாத்தாதுங்க, இழுத்துப் பாத்துட்டேன். அட்டையில இருக்கற அந்த நீலப் பூவைப் பாத்துட்டுத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். பின்னால சீட்டு காலியாத்தான் இருந்துது. இருந்தாலும் நம்ம ஆஸ்பத்திரி ஃபைலாச்சே, நம்ம ஆளாச்சேன்னு ஒரு இது.

டாக்டரா? என்னைப் பாத்தா டாக்டர் மாதிரியாங்க இருக்குது. நான் கம்ப்யூட்டர் ஆளுங்க. பேரு சென்னியப்பன், பெருந்துறை. இந்த ஆஸ்பத்திரிக்குக் கோயமுத்தூரு, ஈரோடு, கரூரு, சேலம்னு கிளை இருக்குதில்லீங்களா, அத்தனைக்கும் சாப்ட்வேர் ஓடற சர்வரைப் பாத்துக்கறவன். பாத்துக்கிட்டிருந்தவன்னு சொல்லோணும். இன்னைக்கு மத்தியானத்தோட வேலை முடிஞ்சுது. லேப்டாப்பைக் குடுத்துட்டு, கழுத்துல கெடந்த கார்டைக் கழட்டிக் குடுத்துட்டு, இந்த பஸ்ஸுல ஏறி உக்காந்துட்டேன். அதை அப்பறம் சொல்றேன்.

யாருக்குங்க ஒடம்பு சரியில்லை? சம்சாரத்துக்குங்களா. சேலத்துலயா சேத்திருக்கீங்க. ஓ, கம்ப்யூட்டர்ல ஏத்தாத பழைய ஸ்கேனெல்லாம் கோயமுத்தூர்ல வாங்கிட்டு வரச் சொன்னாங்களா. ஆப்பரேசன் எப்பங்க?

நாளைக்குக் காலைலயா.

ரத்தம் வேணும்னு சொல்லியிருக்காங்களா? என்ன குரூப்புங்க? ஓ நெகட்டிவா. அது கெடைக்கறது கொஞ்சம் செரமம்தான். ஆனா இவீங்க ஒதுக்கி வெச்சிருப்பாங்க. சேலத்துல உக்காந்துக்கிட்டே நர்ஸ் பொண்ணு கம்ப்யூட்டர்ல தேடுவா. கோயமுத்தூர்ல ஒரு பை இருக்குது, ஈரோட்டுல ஒரு பை இருக்குதுன்னு காட்டும். பேர் போட்டு ஒதுக்கிருவா. எந்தப் பை எந்த ஆளுக்கு, சேருமா சேராதா, எல்லாம் அதுதான் சொல்லோணும். அது சரின்னு சொல்லாம ஒரு பை ரத்தம் ஃப்ரிட்ஜை விட்டு வெளிய வராதுங்க. அந்தக் கம்ப்யூட்டர் பேசறது என்ற சர்வர்கிட்டத்தான். அம்மிணி பேரு என்னங்க? சுகந்தியா. அப்ப சுகந்திங்கற பேரு இந்நேரம் என்ற சர்வர்ல இருக்குதுங்க.

வெசனப்படாதீங்க. நல்ல ஆஸ்பத்திரி. டாக்டருங்கெல்லாம் தங்கமான மனுசங்க. நான் குத்தம் சொல்றது டாக்டருங்களை இல்லை.

முன்னால சர்வரெல்லாம் கோயமுத்தூர் கட்டடத்துலயே கீழ்த் தளத்துல இருந்துதுங்க. ஒரு பக்கம் பொணம் வெக்கற ரூம்பு, இந்தப் பக்கம் எங்க ரூம்பு. ரெண்டுக்கும் ஒரே குளுரு. செருப்பை வெளிய விட்டுட்டுத்தான் உள்ள போகோணும். ஆயுத பூசைக்கு ஒவ்வொரு மெசினுக்கும் சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு, எலுமிச்சம்பழம் வெச்சு, நானேதான் சூடம் காட்டுவேன். பொகை மணி அடிச்சுரும்னு அதை மட்டும் கொஞ்ச நேரம் அணைச்சு வெச்சுக்குவேன். அங்க ஒரு மெசின் சத்தம் மாறுனாப் போதும், கதவுக்கு வெளிய நின்னே எது சொணங்குதுன்னு சொல்லிருவேன். பெத்தவளுக்குப் புள்ளை அழுகறது தெரியற மாதிரி.

அப்பறம் கிளவுடுன்னு ஒண்ணு வந்துது. மானத்துல இருக்கற மேகம் இல்லைங்க அது. வேற எவனோ கம்பெனி, எங்கியோ ஒரு ஊருல பெரிய கட்டடத்துல மெசினா அடுக்கி வெச்சிருக்கான். நம்ம சாப்ட்வேரைக் கொண்டு போய் அதுல ஓட்டறது. வாடகை வீடு மாதிரி வெச்சுக்குங்க. வீடு அவனுது, குடித்தனம் நம்முளுது. தொட்டுப் பாக்க ஒண்ணும் இல்லை. அந்த வருச பூசைக்கு என்ற லேப்டாப்புக்குத்தான் பொட்டு வெச்சேன். பாத்துட்டுச் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்.

அங்க மாத்துனது ஒரு சனி, ஞாயிறுல. அந்த ஞாயித்துக்கெழமைதான் என்ற பொண்ணுக்குக் காதுகுத்து. சென்னிமலைல. ஒறம்பரையெல்லாம் வந்தாச்சு, தாய்மாமன் மடியில புள்ளையை உக்கார வெச்சாச்சு, அப்பன் எங்கடான்னா கோயமுத்தூர்ல ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். போன்ல காட்டுனாங்க, பாத்தேன். புள்ளை அழுகறதுக்குள்ள இந்தப் பக்கம் ஒரு சர்வர் எந்திரிக்கலைன்னு கத்தறாங்க, போனைக் கீழ வெச்சுட்டேன்.

இங்கதாங்க விசயம், கவனிங்க. ஒரு சர்வர் எந்திரிச்சு வேலை செய்யோணும்னா, அது ஒரு பேரைச் சொல்லி உள்ள போகோணும். ஒரு பேரு, ஒரு பாஸ்வேர்டு. நீங்க ஏடிஎம்ல நம்பர் போடறீங்களே, அந்த மாதிரி அதுவும் போடும். அதுக்குன்னு தனியா ஒரு பேரு வாங்கி வெக்கோணும், மனுசப் பேரு இல்லாம, சர்வருக்குன்னே ஒரு பேரு. அதுதான் மொறை. நான் எழுதிக் கேட்டேன். கேட்டுப் பல நாளாச்சு. அதுக்கு ஒருத்தர் சரின்னு சொல்லோணும், அவருக்கு மேல ஒருத்தர் சரின்னு சொல்லோணும். மேல இருக்கறவரு எங்கியோ டூர் போயிட்டாரு. ஞாயித்துக்கெழமை சாயந்தரம் ஆச்சு, திங்கக்கெழமை காலைல ஓபி தொறக்கோணும், பேரு வல்லை. எங்க மேனேஜர் ஜெயச்சந்திரன் தலைக்கு மேல நின்னுக்கிட்டு, ஏதாச்சும் பண்ணுங்க சென்னி, ஏதாச்சும் பண்ணுங்க சென்னிங்கறாரு.

பண்ணேன். என்ற பேரைக் குடுத்துட்டேன். என்ற பேரு, என்ற பாஸ்வேர்டு. இப்போதைக்கு ஓடட்டும், அப்பறம் மாத்திக்கலாம்னு. அத்தனை சர்வரும் சென்னியப்பன்னு சொல்லிக்கிட்டு உள்ள போச்சு. எல்லாம் எந்திரிச்சுது. ஜெயச்சந்திரன் என்ற தோள்ல தட்டி, எப்படிங்க பண்ணீங்கன்னாரு. பண்ணிட்டேனுங்க சார்னேன். அவ்வளவுதான் கேட்டாரு.

மாத்துனனான்னா, மாத்தலைங்க. ஓடறதைத் தொடக்கூடாது. எங்க தொழில்ல எல்லாரும் ஒத்துக்கற ஒரே சட்டம் அதுதான். அந்தத் தனிப் பேரு பின்னால ஒரு நாள் வந்து சேந்துது. வந்தது வந்தபடியே கெடக்குது. அதுல ஒண்ணும் ஓடலை.

அப்பறம் பெரிய ஓட்டல்ல விழா வெச்சாங்க. கிளவுடுக்கு மாறிட்டம்னு. காயிதமே இல்லாத ஆஸ்பத்திரின்னு பேனரு. ரிஜிஸ்டரு, ரத்த பேங்க் நோட்டு, எல்லாத்தையும் எடுத்துட்டாங்க, இனி எல்லாம் ஸ்கிரீன்தான். ஜெயச்சந்திரன் மேடையில நின்னு அந்தக் கம்பெனிக்காரனுக்கு நன்றி சொன்னாரு, இந்தக் கம்பெனிக்காரனுக்கு நன்றி சொன்னாரு, சாம்பார் ஊத்துன ஓட்டல்காரனுக்குக்கூடச் சொன்னாரு. நான் கீழ புரொஜெக்டர் வயரைப் புடிச்சுக்கிட்டு நின்னனுங்க. அது லூசா இருந்துது, விட்டா படம் போயிரும். அவரு பேசி முடிக்கற வரைக்கும் புடிச்சுக்கிட்டே நின்னேன். விட்டிருக்கலாம். விடலை. நான் அப்படிப்பட்டவன் இல்லீங்க.

தண்ணி குடிங்க. இல்லீங்களா? சரி, நான் குடிச்சுக்கறேன்.

அவீங்களுக்கு என்ற அருமை ஒரே ஒரு தடவைதான் தெரிஞ்சுது. அது ஒரு தைப்பூசம். சென்னிமலைக்குப் போயிருந்தேன். ஆபீஸ்ல ஒரு ரூல், கொஞ்ச நாளைக்கு ஒருக்கா எல்லாரும் பாஸ்வேர்டு மாத்தியே ஆகோணும். லீவுக்குக் கெளம்பற அவசரத்துல மாத்துன்னு கேட்டுது, நானும் மாத்திட்டு வந்துட்டேன். என்ற பாஸ்வேர்டை நான் மாத்துனேன், சர்வருங்ககிட்ட இருக்கறது பழசு. அதுங்க தெனமும் விடியக்காலம் தானா ஒரு தடவை நின்னு எந்திரிக்கும். சுத்தம் பண்ணிக்கறதுக்கு. நின்னுது. எந்திரிக்கலை.

நான் மலைப்படியில பாதி தூரத்துல இருக்கறேன். போன் அடிக்குது, அடிக்குது, அடிக்குது. ஜெயச்சந்திரனேதான். அந்தக் குரலை நீங்க கேட்டிருக்கோணும். சென்னி எங்க இருக்கீங்க, சென்னி உங்களை விட்டா யாரும் இல்லை, சென்னி கார் அனுப்பட்டுமா. விழாவுல பேசுன அதே வாய்தானுங்க. கார் வேண்டாம், லேப்டாப் கீழ வண்டியில இருக்குது, எறங்கி வர்றேன்னேன். ஓடலைங்க நான். தைப்பூசக் கூட்டத்துல எங்க ஓடறது. நிதானமாத்தான் எறங்குனேன். கீழ செருப்பு விடற எடத்துல ஒரு திட்டு இருக்குது, அதுல உக்காந்து தொறந்தேன். புதுப் பாஸ்வேர்டைப் போட்டேன். ஒவ்வொண்ணா எந்திரிச்சுது. அந்தப் பக்கம் போன்ல கை தட்டறாங்க. ஆஸ்பத்திரி பூராக் கை தட்டற மாதிரி இருந்துது. என்ற வாழ்க்கையில அந்த மாதிரி ஒரு நாள் கெடையாதுங்க. உள்ளபடி சொல்றேன், என்ற கல்யாணத்தன்னைக்குக்கூட அத்தனை சந்தோசம் இல்லை.

ஈரோட்டுல ஒரு அம்மாவுக்கு மட்டும் கொஞ்சம் லேட்டாயிருச்சு. பிரசவம். ரத்தம் ஃப்ரிட்ஜுல இருக்குது, இந்த ஆளுக்குத்தான்னு சொல்ல ஸ்கிரீன் இல்லை. நோட்டுப் புஸ்தகத்தைத்தான் எடுத்துட்டாங்களே. யாரும் கையெழுத்துப் போட்டு எடுக்கப் பயந்துக்கிட்டாங்க. இல்லீங்க, அந்தம்மா ஏற்கனவே ரொம்ப முடியாமத்தான் வந்துது. சர்வரால இல்லை. ரிப்போர்ட்லயே எழுதியிருக்குது, தற்காலிக நெட்வொர்க் கோளாறு, நோயாளியின் முடிவுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு. நான்தான் எழுதுனேன்.

ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க. உங்க வீட்டுக்காரம்மாவுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம். அது வேற, இது வேற.

அப்பறம் அந்தப் பிரச்சினை வரவே இல்லை. என்ற பாஸ்வேர்டு மட்டும் எப்பவும் காலாவதி ஆகாத மாதிரி பண்ணி வெச்சுட்டேன். நான்தானே அட்மின். அன்னைக்கே தனிப் பேருக்கு மாத்தியிருக்கலாமேன்னு நீங்க நெனைப்பீங்க. மாத்தியிருக்கலாம். ஆனா ஒண்ணு சொல்லட்டுங்களா. காலைல எந்திரிச்சு, பல்லு வெளக்கறதுக்கு முன்னால, போனைத் தொறந்து பாப்பேன். எல்லா சர்வரும் வரிசையா நிக்கும், ஒவ்வொண்ணுக்கும் எதுத்தாப்பல என்ற பேரு. நாலு ஊருல எத்தனை ஆப்பரேசன், எத்தனை பிரசவம், எத்தனை எமர்ஜென்சி, அத்தனையும் சென்னியப்பன் சென்னியப்பன்னு சொல்லிக்கிட்டு நடக்குது. அதை எப்படிங்க எடுக்கறது. மனசு வல்லை.

இந்த ஆடியிலதான் ஜெயச்சந்திரன் கூப்பிட்டாரு. ரூம்புக்குக்கூட இல்லை, காபி மெசின்கிட்ட. சென்னி, இனிமே சர்வரெல்லாம் வெளிக் கம்பெனி பாத்துக்குவாங்க, உங்க ரோல் தேவைப்படாது, வருத்தமா இருக்குதுன்னாரு. கையில காபி. குடிச்சுக்கிட்டே சொல்றாரு. நானும் சரிங்க சார்னுட்டேன். வேற என்ன சொல்றது. ஆபீஸ் பையன் ஒருத்தன் வேற பின்னால வரிசையில நிக்கறான், சார் தள்ளுங்க டீ எடுக்கோணும்ங்கறான்.

அந்த வெளிக் கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு வந்துது. பொண்ணுன்னா சின்னப் பொண்ணு இல்லீங்க, ரெண்டு புள்ளைக்குத் தாய். இசக்கிராணின்னு, திருநெல்வேலிப் பக்கம். நல்ல பொண்ணு. அதையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். கேடின்னு ஒண்ணு உண்டுங்க எங்க தொழில்ல. போறவன் தனக்குத் தெரிஞ்சதையெல்லாம் வர்றவனுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போகோணும். தெனமும் ரெண்டு பேரும் உக்காந்து, அதை வீடியோவா பதிஞ்சு வெப்பாங்க. ஒரு சாவு வீட்டுல செத்தவனையே உக்கார வெச்சு, பெட்டிச் சாவி எங்க, பட்டா எங்கன்னு கேக்கற மாதிரி இருக்கும். சிரிங்க, பரவால்லை.

அது கேட்டதுக்கெல்லாம் நான் பதில் சொன்னனுங்க. ஒண்ணு மறைக்கலை. அண்ணே இது எதுக்கு, அது எதுக்குன்னு கேக்கும், சொல்லுவேன். ஒரு நாள் கேட்டுது, அண்ணே, சர்வருக்குன்னு இருக்க தனிப் பேரெல்லாம் என்னென்னன்னு தாங்களேன்னு. குடுத்தேன். அந்த லிஸ்ட்டுல அந்தத் தனிப் பேரு இருக்குது. நெசமாவே இருக்குது, உயிரோட இருக்குது. அந்தப் பொண்ணு டிக் போட்டுக்கிச்சு. அதுலதான் எல்லாம் ஓடுதான்னு அது கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சத்தியமாச் சொல்லியிருப்பேன். கேட்ட கேள்விக்குத்தானுங்க பதில் சொல்ல முடியும்.

கடைசி நாள் கேடில மறுபடியும் கேட்டுது. அண்ணே, ஏதும் விட்டுப் போச்சான்னு யோசிச்சுப் பாருங்கண்ணே, புதுசா வந்தவ, எனக்குப் பயமா இருக்குன்னுது. யோசிச்சுப் பாத்தேன். ஜெயச்சந்திரனும் அந்த மீட்டிங்குல இருந்தாரு, ஸ்கிரீனுக்குள்ள, வேற எதையோ பாத்துக்கிட்டு. அவரு தலை நிமிந்து ஒரு வார்த்தை, ஏனுங்க சென்னி, இத்தனை வருசம் எப்படிங்க ஓட்டுனீங்கன்னு கேட்டிருந்தா, அங்கியே சொல்லியிருப்பேன். அவரு கேமராவை அணைச்சுட்டுப் போயிட்டாரு. ஒண்ணும் விட்டுப் போகலைம்மான்னுட்டேன்.

விஜயமங்கலம் டோல் தாண்டிட்டங்களா. சரி, சரி. இன்னும் கொஞ்ச நேரம்தான்.

இப்ப என்ன ஆகும்னு கேக்கறீங்க. ஒண்ணும் ஆகாதுங்க. நான் எதையும் தொடலை. கெடுக்கோணும்னு நெனைச்சா, நாலு பட்டனைத் தட்டுனா ஒண்ணு இருக்காது. நான் அப்படிச் செய்வனுங்களா. இன்னைக்குப் பொழுதோட என்ற அக்கவுன்டை மூடுவாங்க. வேலையை விட்டுப் போனவன் பேரு உள்ள இருக்கக் கூடாதுங்கறது அவீங்க ரூல். மூடுனா உடனே எதுவும் விழாது. வீட்டுக்குள்ள இருக்கறவனுக்குச் சாவி எதுக்குங்க. வெளிய போயிட்டுத் திரும்பி வர்றப்பத்தான் சாவி வேணும். ராத்திரி பூரா நல்லாத்தான் ஓடும். விடியக்காலம் தானா நிக்கும். எந்திரிக்கறப்ப, சென்னியப்பன்னு சொல்லிக்கிட்டு வந்து நிக்கும். அப்படி ஒரு ஆளே இங்க இல்லைன்னுரும்.

ஆமாங்க, நாளைக்குத்தான். நாளைக்கு விடியக்காலம்.

உக்காருங்ணா. பஸ் ஓடறப்ப எந்திரிச்சா விழுந்துருவீங்க. உக்காருங்க. அந்தப் பொண்ணு தேடும். தேடிப் பாக்கும், தனிப் பேரு நல்லாத்தான் இருக்கும், பாஸ்வேர்டு சரியாத்தான் இருக்கும், ஒரு குத்தமும் தெரியாது. எல்லாரும் தேடுவாங்க. பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் வருவாங்க. கண்டுபுடிக்க நேரம் ஆகும். என்னைக் கூப்பிட்டா ஒரே வார்த்தை. ஒரே வார்த்தையில முடிஞ்சுரும். அவரு என்னைக் கூப்பிட்டுத்தான் ஆகோணும். நான் வீட்டுல இன்னும் வேலை போனதைச் சொல்லலீங்க. எதுக்குச் சொல்றது. நாளைக்குக் கார் வரும். சம்சாரத்துகிட்ட, காலைல எங்கயும் போயிறாத, கார்ல ஆளுங்க வருவாங்க, காபி போடோணும்னு மட்டும் சொல்லி வெச்சிருக்கறேன். சட்டை அயர்ன் பண்ணி வெக்கச் சொல்லியிருக்கறேன்.

உங்ககிட்ட ஒரு உதவிங்ணா. நாளைக்கு நீங்க அங்கதானே இருப்பீங்க. கூட்டம் கூடும், ஆளாளுக்குச் சத்தம் போடுவாங்க. நர்ஸ் புள்ளைங்களைத் திட்டாதீங்க, பாவம், அவீங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க, சென்னியப்பனைக் கூப்பிடுங்கன்னு. சத்தமாச் சொல்லுங்க. நோயாளியோட வீட்டுக்காரரு சொன்னா மேல வரைக்கும் போகும். என்ற நம்பரை இந்த ஃபைல் மேலயே எழுதித் தர்றேன். பேனா வெச்சிருக்கீங்களா? வேண்டாம், எங்கிட்டயே இருக்குது, இதோ எழுதிட்டேன்.

செத்த இருங்க. போன் வருது. அந்தப் பொண்ணுதான்.

சொல்லும்மா இசக்கி. பஸ்ஸுலம்மா. பெருந்துறை நெருங்கிட்டேன். ஆமா. ஆமா. இல்லம்மா. உம். கேக்குது, சொல்லு.

கையை எடுங்ணா. நான் பேசிக்கிட்டிருக்கறேன்.

ஒண்ணுமில்லைம்மா, பக்கத்துல ஒருத்தரு. ஒடம்பு சரியில்லாத வீட்டு ஆளு, கொஞ்சம் பதட்டமா இருக்கறாரு. நீ சொல்லு. உம். மூடிரு. அதுதானே ரூல், மூடிரும்மா. இல்லை, ஒண்ணும் விட்டுப் போகலை. எல்லாம் சரியாத்தான் இருக்குது. நீ நேரத்துல வீட்டுக்குப் போ, புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கும். வெச்சுரட்டுமா.

பாத்தீங்களா. என்ற அக்கவுன்டை மூடற வேலை அதுகிட்டத்தான் வந்திருக்குது. பட்டன்ல கையை வெச்சுட்டு, அண்ணே மனசுக்கு என்னமோ போல இருக்கு, ஒரு தடவை உங்க வாயால சொல்லிருங்கன்னு கேக்குது. நல்ல பொண்ணு, நான்தான் சொன்னனே. நாளைக்கு அதைத்தான் எல்லாரும் புடிச்சுத் திட்டுவாங்க. அதை நெனைச்சாத்தான் எனக்குச் சங்கடமா இருக்குது. நான் ஜெயச்சந்திரன்கிட்டச் சொல்லிருவேன், அந்தப் பொண்ணு மேல தப்பில்லைன்னு. நான் சொன்னா அன்னைக்குக் கேப்பாரு.

என்னங்ணா? சத்தமாச் சொல்லுங்க, காத்து இரையுது.

என்ன பண்ணோணும்னா? சர்வரு எந்திரிக்கறதுக்கு என்ன பண்ணோணும்னு கேக்கறீங்களா?

நீங்க நல்ல மனுசன். தெளிவாக் கேக்கறீங்க. இத்தனை வருசத்துல இந்த ஒரு கேள்வியை ஒருத்தரும் கேட்டதில்லை. ஆனா அதை நீங்க கேக்கக் கூடாதுங்ணா. நீங்க கேட்டு நான் சொல்லி, நீங்க போய் அங்க சொல்லி, பஸ்ஸுல எவனோ சொன்னான்னு ஆயிருச்சுன்னா, அப்பறம் சென்னியப்பன் எதுக்கு. அவரு கேக்கோணும். போன் போட்டு அவரே கேக்கோணும். நான் என்ன காசா கேக்கறேன், பணமா கேக்கறேன். ஒரு வார்த்தைதானுங்க.

சுகந்தி, சுகந்தின்னு எங்கிட்டச் சொல்லி என்னங்க பண்றது. எனக்கு அவீங்க மேல கோவமா. அவீங்க நல்லா இருக்கோணும்னுதான் நானும் கும்பிடறேன். காலைலயே ரத்தத்தை வாங்கி வெக்கச் சொல்லுங்க. அதுக்கும் ஸ்கிரீன் வேணும், அது சரிதான். அப்ப ஆப்பரேசனைத் தள்ளி வெக்கச் சொல்லிப் பாருங்க. பஸ்ஸுல கேட்ட சர்வர் கதையைச் சொன்னா டாக்டருங்க நம்ப மாட்டாங்க, வேற என்ன காரணம் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியலைங்க.

பெருந்துறை வந்துருச்சு. காலைக் கொஞ்சம் மடக்குங்க, எறங்கிக்கறேன். அந்த ஃபைல் கீழ விழுந்துருச்சு பாருங்க, எடுத்துக்குங்க. நம்பர் எழுதியாச்சு, பத்தரமா வெச்சுக்குங்க.

கையை விடுங்ணா.

விடுங்க, சட்டை கிழியுது. நாளைக்குப் போட வேற சட்டை அயர்ன் பண்ணச் சொல்லியிருந்தாலும் இதுவும் நல்ல சட்டைதான். ஏனுங்க இப்படி அழுகறீங்க, ஆம்பளை, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. கால்ல விழுந்து என்ன பண்றது, எந்திரிங்க. நான் ஒண்ணும் செய்யலையே. இப்ப நான் அங்க வேலையிலயே இல்லைங்க.

கண்டக்டரே, இவரு கையைக் கொஞ்சம் எடுத்து விடுங்க. ஆள் எறங்கோணும்.